நெட்டைப் பையனும் இரண்டாவது குதியும்

கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் நெட்டைப் பையனுக்குத் தனி மரியாதை உண்டு. கீழ்க்கிளைக் காய்களைத் தொரட்டி இல்லாமலே பறித்துப் போடுவான். ஆறடியைத் தாண்டிவிட்டால் பி.டி. மாஸ்டர் கண்ணிலும் பட்டுவிடுவான். கையில் கூடைப்பந்து வந்து சேரும். சரி, அந்த உயரம் ஆட்டத்தில் பலிக்குமா? அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகளே இந்தக் கணிப்பில் பலமுறை சறுக்கியிருக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது தலை உயரம் அல்ல, கை எட்டும் உயரம். நின்றபடி கையைத் தூக்கினால் விரல்நுனி எங்கே போகிறது? வளையம் 305 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பந்தை மேலிருந்து அறைந்து போடக் கை சுமார் 320 வரை போக வேண்டும். 195 செ.மீ. உயரமுள்ள இருவரில் ஒருவனுக்குக் கை எட்டும் உயரம் 250, மற்றவனுக்கு 265 என்று வையுங்கள். முன்னவன் 70 செ.மீ. எம்ப வேண்டும், பின்னவனுக்கு 55 போதும். 2013-இல் என்.பி.ஏ. தேர்வுக்கு வந்த ரூடி கோபேரை அளந்தபோது கை எட்டும் உயரம் 292 செ.மீ. இருந்தது. அப்படியும், அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் அந்தத் தேர்வில் 27-ஆவது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். பிறகு நான்கு முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார்.

கை நீளம் பிறப்போடு வருவது. கால்தான் சிக்கல். ஒரு உடலை எல்லாப் பக்கமும் 10 சதவீதம் பெரிதாக்கினால் எடை 33 சதவீதம் கூடும். தசையின் குறுக்குப் பரப்பைப் பொறுத்த வலிமையோ 21 சதவீதம்தான் கூடும். அதனால்தான் நெட்டையர்களுக்குத் திரும்பவும் குனியவும் நேரம் பிடிக்கிறது. எங்கள் பக்கத்து எருது விடும் விழாவிலும் குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்கும் காளைக்குத்தான் பரிசு. திமில் எவ்வளவு பெரிது என்று அங்கே யாரும் அளப்பதில்லை.

நான் பார்க்கச் சொல்வது இரண்டாவது குதியை. முதல் குதிக்கு முழங்காலை மடக்கித் தயாராக நேரம் இருக்கும். பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தால் அந்த நேரம் கிடைக்காது; இறங்கிய கையோடு மறுபடி எம்ப வேண்டும். தரையில் பாதம் படும்போது குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் ரப்பர் மாதிரி இழுபட்டு ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. உடனே எம்பினால் அதில் பெரும்பங்கு திரும்பக் கிடைக்கும். முழங்கால் தொய்ந்து ஒரு கணம் நின்றுவிட்டால் வெப்பமாகப் போய்விடும்.

இதில் வயது ஒரு குழப்பத்தை உண்டாக்கும். ஆண் பிள்ளைகள் 13, 14 வயதை ஒட்டித்தான் வேகமாக வளர்கிறார்கள். எலும்பு நீண்டுவிடும், புதுக் கால் நீளத்துக்கு மூளை பழக நாளாகும். அந்தச் சமயத்தில் தடுமாறுகிறவனைச் 'சோம்பேறி' என்று ஒதுக்குவது அநியாயம். சீக்கிரம் முதிர்ந்து மீசை முளைத்தவன் மைதானத்தில் அட்டகாசமாகத் தெரிவான், ஆனால் அவன் வளர்ச்சி முடிந்திருக்கலாம். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு மூடிவிட்டதா என்று தெரிந்துவிடும். இன்னொரு என்.பி.ஏ. வீரர் ஆந்தனி டேவிஸ் பள்ளியில் முதலில் குட்டை ஆட்டக்காரர்களின் இடத்தில்தான் ஆடினார். அப்புறம் சுமார் 20 செ.மீ. வளர்ந்தார், 2012-இல் முதல் ஆளாகத் தேர்வானார்.

என்.பி.ஏ.விலேயே ஆடும் நிகோலா யோகிச் இந்தக் கணக்கு எதிலும் அடங்கமாட்டார். பெரிதாக எம்பாதவர், 2014 தேர்வில் 41-ஆவது ஆள், மூன்று முறை லீக்கின் மதிப்புமிக்க வீரர். பந்து எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்த கண்ணை எந்த அளவுகோலால் அளப்பது?

குதியை அளக்க செல்போன் போதும். நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் கால் காற்றில் இருக்கும் படங்களை எண்ணுங்கள். 144 படம் என்றால் 0.6 நொடி, அதாவது 44 செ.மீ. எம்பல். எங்கள் தெருவில் 14 வயது நெட்டையன் ஒருவனை இப்படி எண்ணிப் பார்த்தேன். முதல் குதி 144, உடனே எம்பிய இரண்டாவது 118. உயரத்தில் சொன்னால் 44 செ.மீ. எம்பல் 30 செ.மீ. ஆகிவிட்டது. இறங்கிய இடத்தில் முழங்கால் நன்றாகவே தொய்ந்தது. ஆனால் பொங்கலுக்கு வாங்கிய செருப்பு அவனுக்கு இப்போது பற்றவில்லை. உயரத்துக்கு முன்னால் பாதம்தான் வளரும். அடுத்த பொங்கலுக்கு மறுபடி எண்ண வேண்டும்.