டெல்டாவில் நடப்போருக்கான நிதி: எந்தப் பாதை முதலில்?

காவிரி டெல்டா மாவட்டங்களின் உள்ளாட்சிகளிலிருந்து நடைபாதைக்கும் மிதிவண்டித் தடத்துக்கும் நிதி கேட்டு வரும் கருத்துருக்களைப் பரிசீலிக்கும் போக்குவரத்துப் பொறியாளர்களில் நானும் ஒருவன். கேட்கப்படும் தொகையும் கையில் இருக்கும் தொகையும் என்றுமே பொருந்துவதில்லை. ஆகவே வரிசைப்படுத்தியே தீர வேண்டும். எதை அளந்து அந்த வரிசையைப் போடுகிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

கருத்துருவோடு பெரும்பாலும் ஒரு கணக்கெடுப்பு இணைக்கப்பட்டிருக்கும்: இத்தனை பேர் நடக்கிறார்கள், இத்தனை மிதிவண்டிகள் போகின்றன என்று. அது எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்று பார்க்காமல் டெல்டாவில் அதை நம்பக் கூடாது. மே மாதத்தில் எடுத்த கணக்கில் பள்ளிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டித் தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் எடுத்தாலோ, வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் பக்தர்களால் எண்ணிக்கை பன்மடங்காகத் தெரியும். அவர்களுக்கும் பாதை தேவைதான், ஆனால் ஆண்டு முழுவதற்குமான தேவையை அதைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. குறுவை அறுவடையிலும், தை–மாசியில் சம்பா அறுவடையிலும் சாலையின் ஒரு பக்கத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன்னே லாரிகள் வரிசைகட்டி நிற்கும், மிதிவண்டியில் வரும் மாணவி வேறு வழியின்றிச் சாலையின் நடுவுக்கு வந்துவிடுவாள். ஆபத்து மிகுந்த அந்த வாரங்களில் எண்ணிக்கை குறைந்தும் காணலாம்; பயந்துபோய்ப் பிள்ளையை அனுப்பாத வீடுகளை எந்தக் கணக்கெடுப்பாளரும் எண்ணுவதில்லை.

அரசுப் புள்ளிவிவரமும் இங்கே அதிகம் கைகொடுப்பதில்லை. வேலைக்கு எதில் செல்கிறீர்கள் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேட்டது உண்மை. ஆனால் விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் வீட்டுத் தொழில் செய்வோரும் நீங்கலாக மற்ற தொழிலாளர்களைப் பற்றிய விவரமே அந்த அட்டவணையில் இருக்கிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியற்காலையில் கூட்டமாக நடந்து செல்லும் பெண்கள் அதில் இல்லை. அவர்களை விட்டுவிட்டு டெல்டாவில் நடப்போரைக் கணக்கிடுவதில் என்ன பொருள் இருக்கிறது? மாணவர்களைப் பொறுத்தவரை எளிய வழி ஒன்று உண்டு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. எந்தப் பள்ளியில் எத்தனை வண்டிகள் கொடுக்கப்பட்டன என்ற பட்டியலை வாங்கி, அவற்றில் எத்தனை பள்ளி வளாகத்துக்கு வந்து நிற்கின்றன என்று சாதாரண வேலை நாளில் பார்த்தால் போதும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், அந்தப் பள்ளிக்குப் போகும் சாலையை நேரில் சென்று பார்த்தாக வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது கண்ணில் படுவது, பெரும்பாலும், பாலம்தான். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு எனக் கிளை பிரிந்து ஓடும் நாட்டில் பள்ளிக்கோ கடைத்தெருவுக்கோ செல்பவர் ஏதாவது ஓர் ஆற்றையோ வாய்க்காலையோ கடக்காமல் இருப்பது அரிது. பழைய பாலங்களில் பல குறுகலானவை, நடைபாதை இல்லாதவை. எதிரே பேருந்து வந்தால் மிதிவண்டிக்காரர் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். இருந்தும் எங்களுக்கு வருபவை கடைவீதியில் பேவர் பிளாக் பதிக்கும் கருத்துருக்களே. காரணம் வெளிப்படை: வீதி நகராட்சியுடையது, பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது, ஆற்றங்கரை நீர்வளத் துறையுடையது. மூன்றும் சேரும் இடத்துக்குக் கருத்துரு எழுத யாருமில்லை. ஆகவே இரண்டு துறைகள் கூட்டாகக் கையெழுத்திட்டு வரும் சிறு இணைப்புக்கு, ஒரே துறை கேட்கும் நீண்ட நடைபாதையைவிட முன்னிடம் தர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ரயில்வே மேம்பாலங்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். மேம்பாலம் திறந்து, கீழே உள்ள கடவு மூடப்பட்டதும், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருப்பவர் நெடுந்தூரம் சுற்ற நேர்கிறது. படிக்கட்டோ சுரங்க நடைபாதையோ மேம்பாலத்தின் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும்.

அளவு பற்றிச் சுருக்கமாக: இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நெறிகள் (ஐ.ஆர்.சி. 103) நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கின்றன. மின்கம்பத்தையும் கடைப் படிகளையும் கழித்த பிறகு எஞ்சும் அகலமே கணக்கு. அதற்கு இடமில்லாத கோயில் வீதிகளில் ஒற்றையடிப் பாதைபோல ஒரு நடைபாதையைக் கட்டுவதைவிட, வாகன வேகத்தைக் குறைக்கும் பணிக்குப் பணத்தைச் செலவிடுவது நல்லது. கும்பகோணத்தில் 2028 மகாமகத்தை முன்னிட்டு வரும் கருத்துருக்களிலும் இதைப் பார்க்க வேண்டும்.

இறுதியாக, காலம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்பட்டால், ஆற்றங்கரையை ஒட்டிய வேலைகள் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்வேலை நடக்காது. நீர்வளத் துறையின் இசைவு தை மாதத்துக்குள் கிடைக்காத பணிக்கு அந்த ஆண்டு நிதி ஒதுக்கினால், பணம் செலவாகாமல் கிடக்கும். அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பும் ஊராட்சிகளுக்கு வரும் கோடையிலேயே பணி தொடங்க வாய்ப்பு உண்டு. மே 1 தீர்மானம் பெரும்பாலும் அதற்கடுத்த கோடைக்குத்தான்.