தேர்தலுக்குப் பின் கலிபோர்னியா சமுதாயக் கல்லூரிகள்: ஆவணமற்ற மாணவருக்கு எது மாறும், எது மாறாது

2016 நவம்பர் தேர்தலில் டொனால்டு டிரம்ப் வென்றதும், கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் (குறைந்த கட்டணத்தில் பெரும்பாலும் ஈராண்டுப் படிப்புகளைத் தரும் அரசுக் கல்லூரிகள்) படித்துவந்த ஆவணமற்ற, அதாவது அமெரிக்காவில் வசிக்கச் சட்டப்பூர்வ அனுமதி இல்லாத, மாணவர்களிடையே, கல்லூரியிடம் தாங்கள் கொடுத்த விவரங்கள் குடியேற்ற அதிகாரிகளின் கைக்குப் போகுமோ என்ற அச்சம் எழுந்தது. அக்கல்லூரிகளின் மாநில நிர்வாகக் குழு 2017 ஜனவரியில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நீதிமன்ற ஆணையின்றி மாணவர் விவரங்களைத் தருவதில்லை, ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கல்லூரிக் காவலர்கள் யாரையும் தடுத்துவைப்பதில்லை, மதத்தையோ பிறந்த நாட்டையோ வைத்துப் பதிவேடு தயாரிக்கும் முயற்சிக்கு ஒத்துழைப்பதில்லை என்பவை அதன் சாரம். ஆனால் தீர்மானம் ஒரு நிலைப்பாடு மட்டுமே. மாணவருக்கு உண்மையில் கைகொடுப்பவை அதற்குப் பின்னால் உள்ள சட்டங்கள்.

முதலில் கட்டணம். ஏபி 540 என்ற மாநிலச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டது. கலிபோர்னியா உயர்நிலைப் பள்ளியில் மூன்றாண்டு படித்துத் தேறியவர், ஆவணமற்றவராயினும், உள்ளூர் மாணவருக்குரிய கட்டணத்தையே செலுத்தலாம். சமுதாயக் கல்லூரியில் அது 2012 முதல் யூனிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) ஒன்றுக்கு 46 டாலர். வெளிமாநிலத்தார் செலுத்துவது இதைப்போலப் பல மடங்கு. வயதுவந்தோர் கல்விப் பள்ளியிலும் சமுதாயக் கல்லூரியிலும் படித்த காலத்தையும் கணக்கில் சேர்க்க 2017இல் வழி செய்யப்பட்டது. வாய்ப்புக் கிடைத்தவுடன் சட்டப்பூர்வ நிலைக்கு விண்ணப்பிப்பேன் என்று மாணவர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு இச்சலுகை இல்லை. நம்மவர்களில் பலர் குழம்பும் இடம் இது.

மாநிலத்தில் வசிப்பதைக் காரணமாக வைத்து ஆவணமற்றவருக்குச் சலுகை கொடுத்தால் அதை எந்த மாநிலத்தில் வசிக்கும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கொடுக்க வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் (அமெரிக்க மத்திய அரசின் சட்டம்). ஏபி 540 வசிப்பிடத்தைப் பார்ப்பதில்லை, எங்கே படித்தார் என்றே பார்க்கிறது என்று 2010இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே 2001இல் இத்தகைய சட்டம் இயற்றிய டெக்சாஸில் நிலைமை வேறு. 2025 ஜூனில் கூட்டாட்சி அரசின் சட்ட அமைச்சகம் வழக்குத் தொடுத்த அன்றே மாநில அரசு உடன்பட்டுவிட்டதால் அங்கு அச்சலுகை முடிவுக்கு வந்தது. சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது, அதைக் காக்க விரும்பும் மாநில அரசும் வேண்டும் என்பதே என் கணிப்பு.

டாகா என்ற நாடுகடத்தல் தள்ளிவைப்புத் திட்டம் முற்றிலும் வேறு வகை. 2012இல் ஒபாமா நிர்வாகம் கொண்டுவந்த இந்தத் திட்டம், சிறுவயதில் வந்தவர்களுக்கு வேலை அனுமதியையும், இரண்டாண்டுக்கொரு முறை புதுப்பிக்கத்தக்க பாதுகாப்பையும் தந்தது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டமல்ல என்பதால் 2017 செப்டம்பரில் அடுத்த நிர்வாகம் அதை ரத்து செய்வதாக அறிவித்தது. அந்த ரத்து உரிய முறையில் செய்யப்படவில்லை என்று 2020 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. டாகா இல்லாவிட்டாலும் கல்லூரியில் சேரவோ ஏபி 540 சலுகை பெறவோ தடையில்லை.

இனி, குடியேற்ற அதிகாரிகள் வளாகத்துக்கே வந்தால் என்ன ஆகும்? பள்ளி, கல்லூரி போன்ற இடங்களைப் பொதுவாகத் தவிர்க்கச் சொன்ன கூட்டாட்சி அறிவுறுத்தல் 2025 ஜனவரியில் விலக்கப்பட்டது. வாகன நிறுத்துமிடம் போன்ற பொது இடங்களுக்குள் வர அவர்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பொதுமக்களுக்குத் திறந்திராத வகுப்பறை, அலுவலகம் ஆகியவற்றுக்குள் நுழைய, கல்லூரி சம்மதிக்காதபோது, நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேண்டும். குடியேற்றத் துறை அதிகாரியே கையெழுத்திட்ட வாரண்டும் பார்ப்பதற்கு நீதிமன்றத் தாள் போலவே இருக்கும். ஆனால் அது அந்தக் கதவைத் திறக்கும் அதிகாரத்தைத் தருவதில்லை. வரவேற்பு மேசையில் இருக்கும் ஊழியர் இந்த வேறுபாட்டைத் தாமே எடைபோட வேண்டியதில்லை. 2017இல் நிறைவேறிய ஏபி 21 சட்டப்படி அவர் உடனே கல்லூரித் தலைவரின் அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மாணவர் பிடிபட்டாலோ நாடுகடத்தப்பட்டாலோ, அவருடைய நிதியுதவித் தகுதியும் கட்டணச் சலுகையும் பறிபோகாமலிருக்கவும், திரும்பி வந்தால் மீண்டும் சேரவும் கல்லூரி இயன்றவரை உதவ வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

மாணவர் பதிவேடுகளைக் காப்பது 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா என்ற கூட்டாட்சிச் சட்டம். அதில் ஒரு விலக்கு உண்டு. பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றைக் கல்லூரி 'பொது விவரம்' என்று வகைப்படுத்தியிருந்தால், மாணவரின் ஒப்புதல் இல்லாமலே அவற்றை வெளியிடலாம். தம் விவரத்தை வெளியிடக் கூடாது என்று மாணவர் எழுத்தில் கொடுத்துவிட்டால் இந்த வாசல் அடைபடும். சேர்க்கைப் பிரிவில் இதற்கான படிவத்தைக் கேட்டு, சேர்ந்த முதல் வாரத்திலேயே நிரப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

கல்லூரியின் பாதுகாப்பு அதன் வாசலோடு முடிந்துவிடுகிறது. பேருந்து நிறுத்தத்திலோ வீட்டிலோ அது எதுவும் செய்ய இயலாது. எனவே சொந்த வழக்கு பற்றிய கேள்விகளைக் குடியேற்ற வழக்கறிஞரிடமே கேட்க வேண்டும். இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்பதை, ஆவணமற்ற மாணவர்களுக்கென ஒவ்வொரு கல்லூரியிலும் நியமிக்கப்பட வேண்டிய தொடர்பு அலுவலர் தெரிவிப்பார்.