சிறுநீர்ப்பைக்குள் ஒரு கிளிப்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். புராஸ்டேட் புற்று திரும்பினால் ரத்தத்தில் ஏறும் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவு பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. ஆனாலும் சிறுநீர் மெலிந்து வருகிறது, எரிகிறது, சில நாள் ரத்தமும் கலக்கிறது. கிருமித் தொற்று என்று மாத்திரை போட்டால் அடங்கி, மறுபடி தலைகாட்டுகிறது. புற்று திரும்பிவிட்டதோ என்ற பயம்தான் முதலில் வரும். மிக அரிதாக, குற்றவாளி ஒரு பிளாஸ்டிக் கிளிப்.

அதை உள்ளே வைத்ததற்குக் காரணம் நல்லதுதான். புராஸ்டேட்டின் இரு பக்கமும் விறைப்புக்கான நரம்புகள் ரத்தக்குழாய்களோடு பின்னிக் கிடக்கின்றன. 1982இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ், அவற்றைக் காப்பாற்றியபடியே சுரப்பியை அகற்றிக் காட்டினார். ரத்தக்குழாயை மின்சூட்டால் பொசுக்கி அடைத்தால் பக்கத்து நரம்பும் வெந்துபோகலாம். அதனால் ரோபோ அறுவையில் பலர் கிளிப் மாட்டி அடைக்கிறார்கள். பரவலாகப் புழங்குவது ஹெமோலாக் என்ற பாலிமர் (பிளாஸ்டிக்) கிளிப். உட்புறம் பற்கள், நுனியில் கொக்கி. பூட்டினால் பூட்டியதுதான், உடம்பில் கரையாது.

சுரப்பி போன இடைவெளியை மூட, சிறுநீர்ப்பையின் கழுத்தைக் கீழே இழுத்துச் சிறுநீர்க்குழாயோடு தைக்கிறார்கள். கிளிப்புகளில் சில அந்தத் தையலை ஒட்டியே இருக்கும். அங்கே சிறுநீர் கசிந்தாலோ, அழற்சி நீடித்தாலோ, திசு இளகி வழிவிடுகிறது. காலில் தைத்த முள்ளை உடம்பே சீழ் கட்டி வெளியே தள்ளுமே, ஏறக்குறைய அதே கதை. இங்கே 'வெளியே' என்பது சிறுநீர்ப்பையின் உட்புறம்.

உள்ளே வந்த கிளிப்பின் மேல், உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் படிவதுபோல, சிறுநீரின் உப்புகள் படிந்து கல்லாகின்றன. கல் வளரும் முன்பே கிளிப் சிறுநீரோடு வந்து விழுந்தவர்களும் உண்டு. வேறு சிலருக்குத் தையல் போட்ட கழுத்தில் தழும்பு இறுகிப் பாதை சுருங்குகிறது.

சாதாரண எக்ஸ்ரேயில் பாலிமர் தெரியாது. மேலே படிந்த கல் வேண்டுமானால் தெரியும். சிறுநீர்க்குழாய் வழியாக சிஸ்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும்: வெளிறிய உப்புக்கட்டி, அதன் ஓரத்தில் எட்டிப்பார்க்கும் வழவழப்பான பிளாஸ்டிக் முனை. கல்லை லேசரால் உடைத்து, கிளிப்பை இடுக்கியால் பற்றி, அதே சிறுநீர்க்குழாய் வழியாகவே வெளியே எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.