எதிர்காற்று தின்ற நேரம் திரும்பக் கிடைக்குமா?

தென் பசிபிக்கில் தன்னந்தனியாகக் கிடக்கிறது ஈஸ்டர் தீவு. அதன் மட்டவேரி விமான நிலையத்துக்கும் சிலியின் தலைநகர் சான்டியாகோவுக்கும் இடையே சுமார் 3,750 கிலோமீட்டர். வாசகர் ஒருவர் கேட்கிறார்: “அதே தூரம், அதே விமானம். ஆனால் தீவுக்குப் போகும் நேரத்தைவிடத் திரும்பி வரும் நேரம் முக்கால் மணிக்கு மேல் குறைகிறதே, ஏன்?”

பாதி விடை பள்ளிப் பாடம்தான். உருண்டையான பூமியில் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி பெருவட்டப் பாதை. போகவும் வரவும் அது ஒன்றே. மாறுவது காற்று. தென் அட்சரேகை 30 டிகிரியை ஒட்டி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. தீவுக்குப் போகும் விமானம் அதை எதிர்த்துப் பறக்கிறது.

சரி, போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாமே? முடியாது. இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லையென்றால் போய்வர 8 மணி 20 நிமிடம். இப்போது 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கட்டும். போகும்போது தரைவேகம் (தரையை வைத்துப் பார்த்தால் வரும் வேகம்) 800, வரும்போது 1,000. மொத்தம் 8 மணி 26 நிமிடம். ஆறு நிமிடம் நஷ்டம்! காற்று 200 ஆனால் நஷ்டம் 26 நிமிடம். காற்று இரண்டு மடங்கானால் நஷ்டம் நான்கு மடங்குக்கும் சற்று மேலே போகிறது. காரணம் எளிது: எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதற்குள் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் வேகமாக வருவதால் அதன் உதவி கொஞ்ச நேரமே கிடைக்கிறது.

பக்கவாட்டில் அடிக்கும் காற்றும் சும்மா விடாது. பாதை விலகாமலிருக்க விமானம் மூக்கைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பிப் பறக்க வேண்டும். அதே 200 கிலோமீட்டர் காற்று குறுக்கே அடித்தால் நஷ்டம் ஏறத்தாழ 13 நிமிடம், அதாவது பாதி.

எதிர்காற்றுக்கும் குறுக்குக் காற்றுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நம்பித்தான் 1887-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மைக்கல்சனும் மோர்லியும் தங்கள் புகழ்பெற்ற சோதனையைச் செய்தார்கள். ஒளி ‘ஈதர்’ என்னும் ஊடகத்தில் பரவுகிறது என்றால், ஓடும் பூமியில் நமக்கு ஈதர் காற்று அடிக்க வேண்டும். ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் போய்வரச் செய்து, ஒன்று பிந்துகிறதா என்று பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவு பிந்தவில்லை. ஈதர் தேவையே இல்லை என்று 1905-இல் ஐன்ஸ்டைன் காட்டினார். ஆராய்ச்சிக்கு நிதி கேட்டால் ‘என்ன கண்டுபிடிப்பீர்கள்’ என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. தேடியது கிடைக்காத இந்தச் சோதனை இயற்பியலையே திருப்பிப்போட்டது.

விமானத்துக்கு வருவோம். பாதை வகுப்பவர்கள் தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. அன்றைய காற்று முன்னறிவிப்பை வைத்து, எதிர்காற்று பலமாக இருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போகவும் செய்வார்கள். அப்போது தூரம் கூடும், நேரம் குறையும்.