தங்கமீனின் வயிறு ஏன் வீங்குகிறது?

"எங்கள் தங்கமீன் சில நாள்களாக இரை எடுப்பதில்லை. வயிறு வீங்கிவிட்டது. கடையில் டிராப்ஸி என்று சொல்லி, ஒரு பொடியைக் கொடுத்தார்கள். பிழைக்குமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில் மீனை மேலிருந்து பாருங்கள். அன்னாசிப் பழத்தின் தோல்போல ஒவ்வொரு செதிலும் தனித்தனியே தூக்கிக்கொண்டு நின்றால் அது டிராப்ஸிதான். பல மீன்களுக்குக் கண்ணும் பிதுங்கியிருக்கும், செவுள் வெளிறியிருக்கும். செதில்கள் படிந்தே இருந்து வயிறு மட்டும் பருத்திருந்தால் அவசரப்பட வேண்டாம். சினையாக இருக்கலாம், மலச்சிக்கலாகவும் இருக்கலாம். சினை மீன் பெரும்பாலும் வழக்கம்போல இரைக்கு ஓடிவரும்.

டிராப்ஸி தனியொரு நோய் அன்று. உள்ளே ஏதோ ஓர் உறுப்பு, பெரும்பாலும் சிறுநீரகம், பழுதாகிவிட்டது என்பதன் அடையாளம். சிறுநீரகம் கெட்டால் மீன் ஏன் இப்படி ஊத வேண்டும்?

நன்னீர் மீனின் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்புக்கு ஈடான கரைபொருள் இருக்கிறது. தொட்டி நீரிலோ உப்பு மிகக் குறைவு. மீதியைப் பள்ளியில் படித்த சவ்வூடு பரவல் சொல்லிவிடும்: நீர் உள்ளே போகும், உப்பு வெளியே கசியும். உடலில் மிக மெல்லிய சவ்வு செவுளில்தான் இருக்கிறது. ஆக்சிஜன் நுழைய அது மெல்லியதாக இருந்தாக வேண்டும். அதே காரணத்தால் இரவு பகலாக நீரும் அதன் வழியே நுழைந்துகொண்டே இருக்கிறது. அதனால் நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதே அரிது. உள்ளே வந்த நீரை வெளியேற்றுவதுதான் அதன் பாடு. சில நன்னீர் மீன்கள் ஒரே நாளில் தம் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சிறுநீர் கழிக்கின்றன. 60 கிலோ மனிதருக்குக் கணக்குப் போட்டால் 20 லிட்டர்!

அந்தச் சிறுநீரில் உப்பு ஏறத்தாழ இருக்காது. வெளியே போகும் முன் சிறுநீரகம் அதை மீட்டுக்கொள்கிறது. அப்படியும் தப்பிய உப்பைச் செவுளிலுள்ள சிறப்புச் செல்கள் ஆற்றலைச் செலவிட்டு, அந்த நீர்த்த தண்ணீரிலிருந்தே உறிஞ்சி எடுக்கின்றன. டென்மார்க்கின் உடலியல் ஆய்வாளர் ஆகஸ்ட் குரோக் 1930களில் இதைக் காட்டினார். உப்பு இழந்த மீன், தன் இரத்தத்தைவிடப் பல மடங்கு நீர்த்த கரைசலிலிருந்து, உப்பின் ஒரு பகுதியான குளோரைடைச் சேகரித்துக்கொண்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பராமரிப்பில்லாத தொட்டியில் சேரும் நைட்ரைட் என்ற நச்சும் குளோரைடு நுழையும் அதே வழியாகத்தான் உள்ளே போகிறது. நீரில் சிறிது உப்பு சேர்த்தால் குளோரைடு மிகுந்து நைட்ரைட்டுக்கு இடம் குறைகிறது.

சிறுநீரகம் நின்றுபோனாலும் செவுள் வழியே நீர் வருவது நிற்காது. அது வயிற்றுக் குழியில் தேங்குகிறது, பிறகு ஒவ்வொரு செதிலும் பதிந்திருக்கும் தோல் பைக்குள் சேர்ந்து செதிலைக் கீழிருந்து தூக்குகிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது பல நேரங்களில் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள். அவை எல்லா நன்னீரிலும் இருக்கின்றன. மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் அம்மோனியாவாலும் நெரிசலாலும் மீன் தளர்ந்த பிறகே அவற்றின் கை ஓங்குகிறது.

இனி சிகிச்சை. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை கல் உப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேருங்கள். 3 கிராம் உப்பு, வெளி நீருக்கும் இரத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும். சிறுநீரகத்தின் சுமையும் அந்த அளவுக்குக் குறையும். எப்சம் உப்பு (மக்னீசியம் சல்ஃபேட்) மலச்சிக்கலுக்கு நல்லது.

மருந்துக்கடை டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்த மருந்தைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்கின்றன. மீனோ தண்ணீரைக் குடிப்பதே அரிது, ஆகவே மருந்து உள்ளே போவதும் சொற்பம். மிச்சம் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களை வளர்க்கத்தான் உதவும். மீன் இன்னும் இரை எடுக்கிறது என்றால், கால்நடை மருத்துவரின் ஆலோசனையுடன் மருந்தை இரையில் கலந்து கொடுப்பதே பயன் தரும். சென்னையின் கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ணமீன் வளர்ப்பை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. இறால் நோய்களுக்குக் கிடைக்கும் ஆய்வுக் கவனத்தில் சிறு பங்காவது வண்ணமீன் நோய்களுக்கும் கிடைக்க வேண்டும்.

வாசகியின் கேள்விக்கு நேரான பதில்: செதில்கள் எல்லாம் சிலிர்த்த பிறகு பிழைக்கும் மீன்கள் குறைவு. வீக்கம் தொடங்கும்போதே கவனித்தால் வாய்ப்பு உண்டு.

மீன் செத்தால் வீட்டுக்கு வந்த கண் திருஷ்டியை அது வாங்கிக்கொண்டது என்று சொல்லிப் புது மீன் வாங்கி விடுகிறார்கள். இந்த நம்பிக்கை எனக்குக் கோபத்தையே தருகிறது. செத்த மீன் வாங்கிக்கொண்டது அம்மோனியாவைத்தான். புது மீனும் அதே நீரில்தான் விழப்போகிறது. அன்றே சோதனைக் கிட் வாங்கி அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பாருங்கள். இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குளோரின் நீக்கிய நீரால் கால் பங்கை மாற்றி, இரையைக் குறைத்து, மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள்.