ஃப்ளிக்கர்: மினுக்கமா, சிமிட்டலா?

இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓடும் காணொளியாக்குவது டைம்லாப்ஸ். ஒகேனக்கல் அருவியை 5 நொடிக்கு ஒரு படம் என ஒரு மணி நேரம் எடுத்தால் 720 படங்கள் சேரும். நொடிக்கு 25 வீதம் கோத்தால் 28.8 நொடி ஓடும். அப்படி ஓடவிட்டுப் பார்க்கும்போது பாறை, தண்ணீர், வானம் எல்லாம் ஒருசேர வெளுத்தும் கறுத்தும் துடித்தால் அதுதான் ஃப்ளிக்கர்.

பழைய ஆங்கிலத்தில் இது பறவையின் சிறகடிப்பைக் குறித்த சொல். சுடருக்கும் ஒளிக்கும் பிற்பாடுதான் வந்தது. தமிழில் சட்டென்று நாவில் வருவது 'மினுக்கம்'. கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னும் எளிதாக வரும். அம்மொழிகளிலும் இதே வேரில் மினுங்கலைக் குறிக்கும் சொற்கள் உண்டு. ஆனால் மினுக்குதல் என்றால் துலக்குதல், பகட்டுதல் என்றும் பொருள். நட்சத்திரம் மினுங்குவது அழகு, இதுவோ பழுது. 'சிமிட்டல்' என்பதே பொருத்தம். பழுதுக்கான முதல் காரணமே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

லென்ஸின் துளையை எஃப் 8 என்று சுருக்கி வைத்திருந்தாலும், பல கேமராக்களில் படங்களுக்கு இடையே அது முழுதாகத் திறந்துகொள்ளும். ஒவ்வொரு படத்துக்கும் துளையைச் சுருக்கும் தகடுகளான இதழ்கள் மறுபடி குவியும். கண் சிமிட்டுவது போலத்தான். இதழ்கள் ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் அதே இடத்தில் நிற்பதில்லை. தனிப்படத்தில் தெரியாத அந்த வேறுபாடு ஓட்டத்தில் கண்ணை உறுத்தும். துளையை முழுதாகத் திறந்தே வைத்தால் இதழ் அசையாது. வெளிச்சம் கூடினால் அதைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போடலாம். துளை வளையத்தைக் கையால் திருகும் பழைய லென்ஸ் இதற்கு இன்னும் நல்லது.

தானியங்கி ஐஎஸ்ஓ (ஒளியுணர் திறன்), தானியங்கி வெள்ளைச் சமன் (நிறச் சீரமைப்பு) இரண்டையும் அணைக்கவும். கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தை இரவில் எடுத்தால் வேறொரு சிக்கல்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100, 1/50 நொடி என வைத்தால் துடிப்பு முழுதாக அடங்கிவிடும். 1/500 வைத்தால் ஒரு படம் வெளிச்சம், ஒரு படம் இருட்டு.

எடிட்டிங்கிலேயே பிறக்கும் சிமிட்டலும் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் ஹைலைட்ஸ், ஷேடோஸ், கிளாரிட்டி ஆகிய சீரமைப்புகள் படத்தில் இருப்பதைப் பார்த்துத் தம் அளவைத் தாமே மாற்றிக்கொள்பவை. ஒரே எண்ணை 720 படங்களுக்கும் ஒட்டினாலும் விளைவு ஒன்றாக இராது. அவற்றைப் பூஜ்யமாக்கி ஓட்டிப் பாருங்கள். துடிப்பு நின்றால் காரணம் அங்கேதான்.

மிச்சத்தைப் படங்களின் வெளிச்சத்தைச் சமன்செய்யும் டீஃப்ளிக்கர் கருவி சரிசெய்யும். டைம்லாப்ஸுக்கான மென்பொருளான எல்ஆர்டைம்லாப்ஸில், வெளிச்சத்தை அளக்கும் பகுதியாக அசையாத பாறையைக் குறியுங்கள். அருவி நுரையையோ பரிசல் கடக்கும் இடத்தையோ குறித்தால், பரிசல் வரும்போதெல்லாம் படம் முழுதும் வெளுக்கும் அல்லது கறுக்கும். மேக நிழல் பாறைமேல் மெல்ல நகர்ந்து போவது சிமிட்டல் அல்ல. கருவியின் அளவை ஏற்றி அதையும் அழித்துவிடாதீர்கள்.