கட்டுமரத்தில் தண்ணீர் புகுந்தால் என்ன?

காசிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் சோதனை செய்து காட்டப் போயிருந்தேன். ஆணி மூழ்குகிறது, கப்பல் ஏன் மிதக்கிறது என்று கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வேறு கேட்டாள்: "சார், எங்க தாத்தா கட்டுமரத்துல தண்ணி பூந்துக்கினே இருக்கும், ஆனா முழுவாது. எங்கப்பா பைபர் போட்ல கொஞ்சம் தண்ணி ஏறினாலே மொண்டு ஊத்துறாரு. ஏன் சார்?"

ஆர்க்கிமிடிஸ் சொன்னது எல்லாருக்கும் தெரியும். ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடை அளவுக்கு அது மேலே தள்ளப்படும். சரி, தள்ளுவது எப்படி? எந்த இடத்தில்?

மீன் விற்கும் அக்கா ஒருவரிடம் எலக்ட்ரானிக் தராசை இரவல் வாங்கி, அதன்மேல் முக்கால் வாளி தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கினேன். லேத் பட்டறையில் வெட்டி வாங்கிய இரும்புக் கட்டி ஒன்று என்னிடம் உண்டு. எல்லாப் பக்கமும் 5 செ.மீ., எடை 980 கிராம். அதை நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினேன். அடியில் படவில்லை, பக்கத்தில் படவில்லை, தொங்குகிறது. தராசு என்ன காட்டும்? பாதி வகுப்பு "சைபர்" என்றது, மீதி "980" என்றது. காட்டியது 125.

ஆழம் கூடினால் தண்ணீரின் அழுத்தம் கூடும். கட்டியைப் பக்கவாட்டில் நெருக்கும் அழுத்தங்கள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். மேல்முகத்தைத் தண்ணீர் கீழே அமுக்குகிறது, அடிமுகத்தை மேலே தள்ளுகிறது. அடிமுகம் 5 செ.மீ. அதிக ஆழத்தில் இருப்பதால் அங்கே தள்ளு பலமாக இருக்கிறது. எவ்வளவு பலம்? 25 சதுர செ.மீ. பரப்பின்மேல் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் எவ்வளவு பாரமோ அவ்வளவு, அதாவது 125 கிராம். கட்டியை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். மேலும் கீழும் அழுத்தம் ஒன்றாகவே ஏறுகிறது, வித்தியாசம் மாறவில்லை, தராசின் எண்ணும் அசையவில்லை. தண்ணீர் கட்டியை 125 கிராம் மேலே தள்ள, கட்டி தண்ணீரை அதே அளவு கீழே தள்ளுகிறது. தராசு படிப்பது அதைத்தான். நூல் பிடித்த கைக்கு 855 கிராம் மிச்சம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. உள்ளே இருப்பது இரும்பா, கத்தரிக்காயா என்று தண்ணீருக்குக் கவலையே இல்லை. எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பது மட்டும்தான் கணக்கு.

(ஸ்மார்ட் போர்டுக்குக் காசு ஒதுக்குகிறவர்கள் வகுப்புக்கு ஒரு தராசும் வாளியும் வாங்கித் தந்தால் தேவலை.)

இப்போது அந்தப் பெண்ணின் கேள்வி. பைபர், தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். அந்தப் படகை மிதக்க வைப்பது அதன் குழிவுக்குள் இருக்கும் காற்று. காற்று இடத்தைப் பிடிக்கும், எடையை அவ்வளவாகக் கூட்டாது. அது திறந்து கிடக்கும் ஒரே பெரிய அறை. தண்ணீர் புகுந்தால் காற்று வெளியேறிவிடும், அப்புறம் மிஞ்சுவது கனமான பைபரும் இன்ஜினும்தான். அதனால்தான் படகின் மூடிய அறைகளில் தெர்மோகோல் மாதிரி எதையாவது அடைத்து வைப்பது.

கட்டுமரத்துக்குக் குழிவே கிடையாது. கட்டைகளுக்கு நடுவே கடல் தாராளமாக வந்து போகலாம். வேடிக்கை என்னவென்றால், மரத்தின் நார்ப்பொருளை மட்டும் தனியே எடுத்தால் அதுவும் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம்தான்! கட்டுமரமும் காற்றால்தான் மிதக்கிறது. அந்தக் காற்று கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற சின்னச் சின்ன அறைகளில் பூட்டிக் கிடக்கிறது. ஒரு பக்கம் உடைந்தாலும் மற்ற அறைகள் தாங்கும். தொட்டியில் மிதக்கவிட்டு ராமர் கல் என்று காட்டுகிறார்களே, அதிலும் இதே காற்றறை வித்தைதான். கும்பிடுவது அவரவர் விருப்பம். உண்டியலில் போடுமுன் கல்லின் துளைகளையும் ஒருமுறை பாருங்கள்.

சொல்லி முடித்ததும் அந்தப் பெண் உட்காரவில்லை. "அதான் கரைக்கு வந்ததும் தாத்தா கட்டைய அவுத்துக் காயப்போடுவாரா?"

அதற்குத்தான். ஊற ஊற அறைகளில் காற்று போய்த் தண்ணீர் ஏறும், கட்டை தாழ்ந்து மிதக்கும். தாத்தா வெயிலில் போட்டு அந்த அறைகளில் மறுபடி காற்றை ஏற்றுகிறார்.